நாலாவது எலுமிச்சம்பழம்

அத்தியாயம் 5

லண்டனில் நாலு விரல் உயரத்துக்குப் பனி கொட்டினால் போதும், நகரம் காய்ச்சல்கார மனிதரைப்போல் படுத்துவிடும். அன்றைக்கும் படுத்துவிட்டது. தென் லண்டனின் மிச்சம் என்ற பகுதியில் ட்ராம் ஓடவில்லை. பஸ்கள் போன இடத்திலேயே நின்றுவிட்டன. ஆள் உயரப் பனியில் ஓடுவதற்கென்றே கட்டப்பட்ட ஒரு வண்டியோ, அதே மிச்சம் பகுதியில், ஒரு தொழிற்பேட்டையின் கடைசிக் கொட்டகைக்குள் சும்மா நின்றது. அதற்குப் பெட்ரோல் இருந்தது, சாவி இருந்தது, வாங்க ஆளும் இருந்தது. ஒரு கையெழுத்துத்தான் இல்லை.

"போட மாட்டன்," என்றாள் கலாவதி.

துப்பறியும் செல்வமலர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவளைப் பார்த்தார். கவுன்சிலில் பல வருடம் பார்க்கிங் டிக்கெட் எழுதிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர் செல்வமலர். வாகனம் வைத்திருக்கும் மனிதர்கள் எந்தெந்த விதமாகப் பொய் சொல்வார்கள் என்பதில் அவரைவிட அதிகம் படித்தவர் தென் லண்டனில் கிடையாது. கூட வந்த சுஜீத் அவருடைய சாரதி, உதவியாளர், அவர் சொல்லத் தயங்குவதையெல்லாம் சொல்லிவிடும் வாய். பாரிஸில் சமையல்காரனாக இருந்தவன். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கேத்தல் எங்கே என்றுதான் தேடுவான். இங்கேயும் தேடிப் பிடித்து ஒரு ப்ளேன் டீ போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"போட்டால் வண்டி இண்டைக்கே போகும்," என்றார் மலர். "போடாட்டி இஞ்சதான் நிக்கும். அங்க நோர்வேயில ஒரு ஊரே காத்துக்கொண்டு நிக்குதெண்டு சொன்னீங்கள்."

"ஓம் அக்கா. அந்தக் கரையில மீட்புப் படைக்கு இருந்த ஒரே வண்டி போன மாரிப் பனியோட முடிஞ்சுது. இது போகாட்டி இந்த மாரிக்கு அவைக்கு ஒண்டுமில்லை. எனக்கு அது வடிவாத் தெரியும். நான் அங்க மீன் பக்டரியில வேலை செய்தனான். என்ர மகள் லோஜினி வயித்தில இருக்கேக்க வலி வந்திட்டுது, றோட்டு மூடிப்போச்சு, அம்புலன்ஸ் பாதி வழியில பனிக்குள்ள புதைஞ்சுபோச்சு. இப்பிடி ஒரு வண்டிதான் வந்து என்னை ஏத்தினது. அது வராட்டி அவளும் இல்லை, நானும் இல்லை."

"அப்ப போட்டுவிடலாமே?"

"என்னெண்டு போடுறது? விபத்துக் கணக்கு முடிஞ்சால்தான் வாங்கிற ஆக்கள் வண்டியை எடுப்பினமாம், அதுக்கு அந்தத் தாளில 'நான் கவனமில்லாமல் ஓட்டி ஒரு மனுசன்ர காலை முறிச்சன்' எண்டு எழுதி வச்சிருக்கினம். நான் முறிக்கேல்லை. ஓட்டினதும் நான், கட்டினதும் நான். பொய்யில கையெழுத்துப் போட்டு அனுப்பின வண்டியை நம்பி நாளைக்கு ஒரு பிள்ளைத்தாச்சியை ஏத்துவினமோ?"

மலருக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதை வெளியில் காட்டாமல் வண்டியைச் சுற்றி நடந்தார்.

வண்டி என்று சொன்னால் போதாது. கலாவதியின் நெஞ்சளவுக்கு நாலு டயர்கள், அவற்றுக்கு மேலே ஒரு பெட்டி, பெட்டிக்கு ஏறி இறங்க மடக்கு ஏணி. தண்ணீரிலும் மிதக்கும் என்பதால் கலாவதி அதற்கு 'வள்ளம்' என்று பெயர் வைத்திருந்தாள். சுஜீத் ஒரு டயரை விரலால் குத்தினான். விரல் உள்ளே போயிற்று.

"அக்கா, காத்துப் போயிட்டுது. முதலில பஞ்சர்காரனைக் கூப்பிடுங்கோ, பேந்து துப்பறிவம்."

"அதுக்கு அவ்வளவுதான் காத்து," என்றாள் கலாவதி. "உங்கட சைக்கிளில இதைவிடக் கன மடங்கு இருக்கும். டயர் மெத்தை மாதிரிப் பரந்து படுத்தால்தான் பாரம் ஒரு இடத்தில இறங்காது. பாரம் இறங்காட்டித்தான் பனியில தாழாது. கால் மேல ஏறினாலும் கால் முறியாது."

"அப்ப ஏறிக் காட்டினால் கதை முடிஞ்சுதே."

"அதுதான் ஏலாது. வெள்ளிக்கிழமை பூசையண்டைக்கு கொங்கிரீட் நிலமெண்டு நான் காத்தை இறுக்கி அடிச்சிருந்தனாம். கால் முறிஞ்ச சந்திரகுமார் அண்ணை அப்பிடித்தான் சொல்லுறார். இண்டைக்கு ஓட்டிக் காட்டினால் அது இண்டைக்குத்தான் சாட்சி, அண்டைக்கு இல்லையெண்டு, வண்டியை வாங்க நோர்வேயில இருந்து வந்த மாரித் சொல்லுறா. அவ சொல்லுறது நியாயம்தான், அதுதான் எனக்கு விசர்."

சந்திரகுமாருக்கு அதே தொழிற்பேட்டையில் உறைந்த மீன் களஞ்சியம். பேட்டையில் யார் கடை திறந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார், அறிவுரையும் சொல்வார். வள்ளத்துக்குப் பூசை நடந்தபோதும் வந்திருந்தார். ஐயர் கற்பூரம் காட்டி, நாலு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை மெல்ல முன்னே எடுக்கச் சொன்னார். எடுத்த கையோடு பின்பக்கத்தில் இருந்து ஓர் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால் பின் இடது டயருக்குப் பக்கத்தில் சந்திரகுமார் காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். பாதத்தில் எலும்பு முறிவு. அதில் சந்தேகமே இல்லை, ஆஸ்பத்திரிப் படமே இருக்கிறது.

"அவரிட்ட இன்னொரு படமும் இருக்கு," என்று கலாவதி தன் போனை நீட்டினாள். "அதுதான் என்னை விழுத்தினது."

படத்தில் சிமெந்து நிலம், டயரின் ஓரம், அதன் அருகே சிதைந்துபோன எலுமிச்சம்பழம். விதைகள் தெறித்துக் கிடந்தன. 'பழமே சட்னி, என் கால் என்னவாகும்?' என்று கீழே எழுதி ஊரெல்லாம் அனுப்பியிருந்தார் சந்திரகுமார்.

"மெத்தை மாதிரி டயர் பழத்தை நசுக்காது," என்றாள் கலாவதி. குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா நான் இறங்கி வந்து பார்க்கேக்க நசுங்கித்தான் கிடந்தது. என்ர கண்ணால பார்த்தனான். ஒரு கிழமையா நித்திரையில்லை அக்கா. உண்மையிலேயே காத்தைக் கூட அடிச்சிட்டனோ எண்டு என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறன்."

மலர் படத்தை விரலால் பெருப்பித்தார். அடுத்த படம். அதற்கடுத்த படம். பிறகு போனைச் சுஜீத்திடம் நீட்டினார்.

"பழத்துக்கு மேல வெள்ளையா என்ன?"

"பனி."

"வெள்ளிக்கிழமை பனி பெய்யேல்லை."

"அப்ப தேங்காய்ப்பூ," என்றான் சமையல்காரன். "தேங்காயும் எலுமிச்சம்புளியும். சம்பலுக்கு உப்பு மட்டும்தான் குறை."

மலர் நிமிர்ந்தார். "கலாவதி, தேங்காய் எங்க உடைச்சது?"

"வாசலில. அந்தா, அந்தக் கல்லில."

வாசல், டயர் நின்ற இடத்திலிருந்து நல்ல தூரம். உடைத்த தேங்காய் அங்கே வந்து பழத்தின் மேல் ஒட்டியிருக்க வழியில்லை. மலர் கல்லருகே குனிந்து பார்த்தார். ஒரு கை பிடிக்கிற அளவு கல். அதன் அடியில் காய்ந்த தேங்காய்த் துருவலோடு துருவலாக ஓர் எலுமிச்சம் விதை ஒட்டிக் கிடந்தது.

"டயர் போய்த் தேங்காய்க் கல்லில ஏறினதோ, கல்லு போய்ப் பழத்தில இறங்கினதோ?" என்றார் மலர். "ஐயற்ற நம்பரைத் தாங்கோ."

ஐயர் இல்ஃபோர்டில் வீட்டில் இருந்தார். ரயில் ஓடாததால் இரண்டு கல்யாணம் தள்ளிப்போன கவலையில் இருந்தார். மலர் நேரே கேட்டார். மறுமுனையில் ஐயர் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, இதை ஆரிட்டையும் சொல்லிப்போடாதையுங்கோ," என்றார் ஐயர். "எத்தினை வானுக்கு, எத்தினை காருக்குப் பூசை செய்திருக்கிறன். ஒரு நாளும் இப்பிடி நடக்கேல்லை. வண்டி ஏறி இறங்குது, பழம் வச்ச மாதிரியே கிடக்குது. முன் டயரும் அப்பிடி, மற்றதும் அப்பிடி. பழம் நசுங்காட்டிக் கண்ணூறு கழியேல்லை எண்டு சனம் கதைக்கும். அந்தப் பிள்ளையும் மனம் முறிஞ்சு போகும். எல்லாரும் அலறின மனுசனிட்ட ஓட, நான் தேங்காய்க் கல்லை எடுத்து டக்டக்கெண்டு நசிச்சுவிட்டன்."

கலாவதி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். முகத்தை இரண்டு கையாலும் மூடினாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சுஜீத்துக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்காது.

"நாலையும் நசிச்சனீங்களோ ஐயா?" என்றார் மலர்.

"மூண்டு. நாலாவது பின் இடது பக்கம். அங்கதான் அந்த மனுசன் அலறிக்கொண்டு குந்தியிருந்தது. பழத்தைக் காணேல்லை, எங்கையோ உருண்டிருக்கும்."

போன் வைக்கப்பட்டது.

"ஐயர் தன்ர வாயால சொன்னது நல்லது," என்றார் மலர். "ஆனா 'கோயில் ஆக்கள் தங்கட ஆக்களுக்குத்தான் சொல்லுவினம்' எண்டு சந்திரகுமார் ஒரு நிமிசத்தில தட்டிவிடுவார். அந்த நாலாவது பழம் வேணும். நசுங்காத பழம். அண்டைக்கு டயருக்குள்ள எவ்வளவு காத்து இருந்ததெண்டு அதைத் தவிர வேற ஒண்டும் சொல்லாது. சுஜீத், பெஞ்சுகளுக்குக் கீழ தேடு."

சுஜீத் அசையவில்லை. கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான். பிறகு மலரைப் பார்த்தான்.

"அக்கா, ப்ளேன் டீக்கு எலுமிச்சம்புளி விட்டால்தான் எனக்கு இறங்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"அதுக்கு?"

"பின் பெஞ்சுக்குக் கீழ ஒண்டு கிடந்தது."

மலர் கண்ணை மூடித் திறந்தார்.

"சாட்சியைக் குடிச்சிட்டியோ?"

"அரைவாசிதான். மற்றப் பாதி கேத்தலுக்குப் பக்கத்தில இருக்கு. நல்ல சாறு அக்கா, பிழிஞ்சு முடியேல்லை."

மலர் பாய்ந்து போய் அந்தப் பாதியை எடுத்தார். கத்தியால் வெட்டிய சுத்தமான வெட்டு. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. காம்புப் பக்கத்தில் ஐயர் வைத்த குங்குமப் பொட்டு, காய்ந்து கறுத்து, அப்படியே இருந்தது. தோலின் மேல் டயரின் பள்ளங்கள் மெல்லிய கரிக்கோடாகப் பதிந்திருந்தன. வண்டி ஏறியிருக்கிறது. பழம் தாங்கியிருக்கிறது.

"இந்த ஒரு நாள் உன்ர தீனியை மன்னிக்கிறன்," என்றார் மலர்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாரித் வந்தாள். பேட்டையில் எல்லாரும் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்க, அவள் மட்டும் கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் சந்தைக்குப் போகிறவள்போல் நடந்து வந்தாள். சுஜீத் அவளுக்கு மாரியக்கா என்று பெயர் வைத்துவிட்டான். லொறி பேட்டையின் வெளிவாசல் படலையில் நிற்பதாகவும், உள்றோட்டுச் சரிவு உறைந்து கிடப்பதால் உள்ளே வராது என்றும் அவள் சொன்னாள். கையெழுத்து ஆயிற்றா என்று கேட்டாள்.

பின்னாலேயே ஊன்றுகோல்களோடு சந்திரகுமார் வந்து சேர்ந்தார். "என்ன பிள்ளை, யோசிச்சியோ? நான் உனக்குக் கெடுதல் நினைக்கேல்லை. போட்டுவிடு. இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும், வண்டியும் போகும், எல்லாருக்கும் நல்லது."

"எல்லாருக்கும் இல்லை," என்றாள் கலாவதி.

மலர் நடந்ததைச் சொன்னார். ஐயரின் கல்லைக் காட்டினார், பழத்தைக் காட்டினார். கலாவதி அதையெல்லாம் நோர்வே மொழியில் மாரித்துக்குச் சொன்னாள். மாரித் அரைப்பழத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மற்றப் பாதி எங்கே என்று கேட்டாள். சுஜீத் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்குக் காற்று குறைவாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன் என்றாள் மாரித்.

"பழம் உருண்டு தப்பும்," என்றார் சந்திரகுமார் உடனே. "மனுசற்ற கால் உருளுமோ? எலும்பு பழமோ?"

அந்தக் கேள்விக்கு மலர் பதில் வைத்திருந்தார். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கலாவதி சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையையும் கழற்றினாள். வெறுங்காலோடு போய்ப் பின் இடது டயருக்கு முன்னால் நின்று, வலது பாதத்தை நேராக வைத்தாள்.

"சுஜீத், ஏறும். சாவியைத் திருப்பி, பிறேக்கை விட்டால் தானா ஊரும்."

"அக்கா, நான் டெலிவரி ஸ்கூட்டரையே மதிலில விட்டவன்."

"அப்ப மெதுவா விடும்."

சந்திரகுமாரின் முகம் வெளுத்தது. "பிள்ளை, விசர் வேலை பார்க்காதை. காலை எடு."

"ஒரு கிழமையா எல்லாரும் என்னைக் காலை எடு, கையை எடு, ஒதுங்கிப் போ எண்டுதான் சொல்லுறீங்கள். நான் எடுக்க மாட்டன். சுஜீத்."

வள்ளம் முனகிக்கொண்டு நகர்ந்தது. டயர் கலாவதியின் விரல்களைத் தொட்டது, பாதத்தை மூடியது, கணுக்கால்வரை ஏறி அப்படியே சுருங்கி வளைந்து, மெல்ல மறுபக்கம் இறங்கியது. பெட்டிக்குள் சுஜீத் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான், ஓட்டுகிறவன் மூடக்கூடாது என்பது அவனுக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

கலாவதி பாதத்தைத் தூக்கி விரல்களை ஆட்டிக் காட்டினாள். டயரின் கரி படிந்திருந்தது, அவ்வளவுதான்.

"நிலம்தான் குளிருது," என்றாள்.

"ஓம், சரியான குளிர்," என்றார் மலர். "வெள்ளிக்கிழமையும் இதே குளிர்தான். பூசை வீடியோவைப் பார்த்தனான். அவ்வளவு சனமும் வெறுங்காலோட நிக்குது. ஐயர் வெறுங்கால், கலாவதி வெறுங்கால், மாரித்கூடச் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் நிக்கிறா. கற்பூரத்துக்கு முன்னால சப்பாத்தோட நிண்டது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் பூசை முடியுமட்டும் டயரில ஒரு கையை ஊண்டிக்கொண்டு, ஒற்றைக் காலில பாரத்தைப் போட்டுக்கொண்டு நிண்டவர். ஏன் சந்திரகுமார் அண்ணை?"

"குளிருக்குத்தான்."

"போன மாசம் உங்கட புது வானுக்குப் பூசை செய்தனீங்கள். படத்தைப் பேஸ்புக்கில நீங்களே போட்டனீங்கள். கொட்டுற மழைக்குள்ள வெறுங்காலோட நிக்கிறியள். நான் அதை மெச்சினனான். அப்பிடிப்பட்ட மனுசன் சாமிக்கு முன்னால சப்பாத்தைக் கழட்டாமல் நிண்டால் அதுக்கு ஒரே காரணம்தான். நீங்கள் கழட்டாமல் விடேல்லை. உங்களால கழட்ட ஏலேல்லை. கால் அதுக்குள்ள வீங்கி இறுகிப்போச்சு. நீங்கள் இந்த வாசலுக்குள்ள வரேக்கையே கால் முறிஞ்சுதான் இருந்தது."

சந்திரகுமார் ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினார். அது சரிந்து விழுந்தது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"அண்டைக்குக் காலமை ஸ்டோரில போர்க்லிப்ட் ஓட்டினனான்," என்றார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு அதுக்கு லைசன்ஸ் இல்லை. அறக்குளா மீன் பெட்டி காலில சரிஞ்சு விழுந்திட்டுது. அதுக்கு இன்சூரன்சும் கட்டேல்லை. வெளியில தெரிஞ்சால் ஸ்டோரைப் பூட்டிப்போடுவாங்கள். இஞ்ச இவ எல்லாத்துக்கும் இன்சூரன்ஸ் எடுத்து வச்சிருக்கிறா எண்டு தெரியும். ஒருத்தருக்கும் நட்டமில்லையெண்டு நினைச்சன்."

"எனக்கு?" என்றாள் கலாவதி.

அவர் சொன்னதை மாரித்துக்கு நோர்வே மொழியில் சொன்னாள். மாரித் கையெழுத்துக்காக வைத்திருந்த தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டாள். வண்டியை ஏற்றலாம் என்றாள்.

"நான் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறன்," என்றார் சந்திரகுமார். "இண்டைக்கே எடுக்கிறன். ஆனா இது எங்களுக்குள்ளேயே இருக்கட்டும் பிள்ளை. நாங்கள் எல்லாரும் ஒரே ஆக்கள்தானே. ஏன் வெளியில நாறவேணும்?"

மலர் கலாவதியைப் பார்த்தார். துப்பறிவது அவருடைய வேலை. மன்னிப்பது அவருடைய வேலை இல்லை.

கலாவதி காலுறையை மாட்டினாள். சப்பாத்தைப் போட்டு நூலை இறுக்கினாள். எழுந்து வள்ளத்தின் ஏணியை இறக்கினாள்.

"ஏறுங்கோ அண்ணை. வெளியில கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடக்குது, இந்தக் காலோட நடக்க மாட்டியள். படலைவரைக்கும் கொண்டுபோய் விடுறன்."

அவர் நன்றியோடு ஏறினார். சுஜீத் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினான். மலரும் மாரித்தும் ஏறிக்கொண்டார்கள். வள்ளம் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. உள்றோட்டில் இரண்டு வான்கள் வழுக்கிக் குறுக்கே நின்றன. கலாவதி புல்தரைப் பக்கம் திருப்பி, பனி மூடிய மேட்டில் ஏறி, அவற்றைச் சுற்றிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்த சுஜீத்துக்குப் பனியில் மெல்லிய இரண்டு கோடுகள்தான் தெரிந்தன.

படலைக்குப் பக்கத்தில் றொஷானியின் தேத்தண்ணிக் கடை. ட்ராம் இல்லாத நாளில் பேட்டைச் சனம் முழுவதும் அங்கேதான் நின்றது. 'ஒரு பொம்பிளை வண்டி கட்டினாள், முதல் நாளே ஒருத்தன்ர காலை எடுத்தாள்' என்ற கதை பிறந்து, வளர்ந்து, மோர்டன்வரை போனதும் அந்தக் கடையில் இருந்துதான். லொறி கொஞ்சம் தள்ளி நின்றது.

கலாவதி கடைவாசலில் வள்ளத்தை நிறுத்தினாள். சனம் கோப்பைகளோடு வெளியே வந்தது. அவள் பெட்டிக் கதவைத் திறந்துவிட்டாள். ஏணியை மட்டும் இறக்கவில்லை.

சந்திரகுமார் கீழே எட்டிப் பார்த்தார். நிலம் அவருடைய காலுக்கு வெகு தூரத்தில் இருந்தது.

"பிள்ளை, ஏணி."

"இந்தக் கடையிலதான் தொடங்கினனீங்கள்," என்றாள் கலாவதி. "இஞ்சயே முடியுங்கோ. நீங்கள் சொல்லி முடிஞ்சதும் ஏணி இறங்கும்."

அவர் மலரைப் பார்த்தார். மலர் லொறியின் இலக்கத் தகட்டைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார். சுஜீத்தைப் பார்த்தார். அவன் றொஷானியிடம் எலுமிச்சம்புளி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். கீழே அத்தனை முகங்களும் அண்ணாந்து நின்றன.

சந்திரகுமார் தொண்டையைச் செருமினார். "என்ர கால் முறிஞ்சது..." என்று முணுமுணுத்தார்.

கலாவதி எஞ்சினை நிறுத்தினாள்.

"கேக்கேல்லை அண்ணை. பின்னால நிக்கிறவைக்கும் கேக்கட்டும்."